மார்த்தாள் உட்காருகிறாள்

பத்தலப்பல்லி செக்போஸ்ட்டில் பஸ் நின்றதும்
என் போன் ஒரு தடவை அதிரும்.
வேறு மாநிலத்துக்கு வந்துவிட்டேனாம்,
வரவேற்கிறார்களாம்.
பையைத் திறக்கச் சொல்கிறார்கள்.
ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் ஊதுவத்தி,
ஞாயிறு ஆராதனைக்கு எழுதிவைத்த
கீபோர்டு சுரங்கள்.
அவர்கள் தேடுவது ரேஷன் அரிசி.
அரிசி கடத்துகிறவளாய் இருந்திருந்தால்
பிடிபடும்போது
இன்னதென்று சொல்லவாவது முடியும்.

அம்மாவைப் பொறுத்தவரை
நான் வி.கோட்டாவில் தையல் கிளாஸ் எடுக்கிறேன்.
மாதம் ஒருநாள், பௌர்ணமிக்கு மட்டும் நடக்கிற கிளாஸ்.
நல்லவேளை, அவள்
நிலாவைக் கவனிக்கிறவள் இல்லை.

விகாரை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
தக்காளி மண்டிக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்.
கண்ணை மூடினால் அழுகிய பழத்தின் புளிப்பு,
கிரேட் அடுக்கும் சத்தம்.
பந்தேயின் தெலுங்கு எனக்குப் பாதிதான் புரியும்.
ஊபிரி, ஊபிரி என்றார் முதல் நாள்.
உயிர், உயிர் என்று கேட்டது எனக்கு.
பக்கத்தில் இருந்த லாரி கிளீனர் பையன்தான்
மூக்கைத் தொட்டுக் காட்டினான்:
மூச்சுக்கா, மூச்சு.

சண்டே ஸ்கூலில் அந்த மூச்சை
ஊதினவர் ஒருவர் இருந்தார்,
களிமண்ணின் மூக்கில் வாய் வைத்து.
இங்கே அது பாட்டுக்கு வருகிறது, போகிறது,
கேட் இல்லாத காம்பவுண்டில் ஆடு நுழைகிற மாதிரி.
அப்படியென்றால் யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டேன்.
தெலுங்கில் சரியாகத்தான் கேட்டேனா தெரியாது.
பந்தே வெகுநேரம் யோசித்து
டீ குடிக்கிறாயா என்றார்.

எனக்குப் பெயர் வைத்தது சாலமோன் ஐயர்.
வீட்டுக்கு வந்தவரை உட்காரவைத்துவிட்டு
அடுப்படியில் பாத்திரம் உருட்டினவளின் பெயர்.
தங்கை காலடியில் உட்கார்ந்து நல்ல பேர் வாங்கினாள்.
இவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.
அந்தப் பெயரோடு பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில்
எட்டு மணி நேரம் நின்றபடி பசை தடவுகிறேன்.
கோயிலில் உட்காருவதும் வாசிக்கத்தான்.
சும்மா உட்காரு என்று
முப்பத்தொரு வயதில்தான் ஒருத்தர் சொன்னார்,
அதுவும் வேறு பாஷையில்.
கொல்லமாட்டேன் என்று முதல் சீலம் சொல்லும்போது மட்டும்
விரல்களை மடக்கிக்கொள்கிறேன்.
எத்தனை சோப்பு போட்டாலும்
ஆட்டுத்தோல் வாசனை.

ஆபேல் எப்படியோ கண்டுபிடித்துவிட்டான்.
"சர்ட்டிபிகேட்டுக்கா?"
என் தம்பி கேட்டதில் தப்பில்லை.
வேதக்காரர் என்றால் பி.சி., பௌத்தர் என்றால் எஸ்.சி.,
தெரு என்னவோ அதே தெரு.
தாலுகா ஆபீஸ் வராந்தாவில் அப்பாவின் செருப்பு
மூன்று ஜோடி தேய்ந்திருக்கிறது.
இல்லைடா என்றேன்.
"அப்ப எதுக்கு?"
அதற்கொரு படிவம் இருந்தால்
பூர்த்தி செய்து நீட்டியிருப்பேன்.

அம்மாவின் மார்புக் கட்டியை வேலூரில் எடுத்த அன்று
ஆபரேஷன் தியேட்டர் வாசலில்
மூச்சைப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன்.
நாலாவது மூச்சில் இயேசப்பா என்றுவிட்டது வாய்.
சரி, ஜெபித்தே விடலாம் என்று ஆரம்பித்தால்
பாதியில் வார்த்தை தீர்ந்து
மூச்சு மட்டும் போய்ப்போய் வந்தது.
சாதாரணக் கட்டிதான் என்றார்கள்.
அன்று சாயங்காலம்
எனக்கு ஒருத்தர் வேண்டியிருந்தது, ரொம்ப,
நன்றி சொல்ல.
சொன்னேன்.
பஸ் ஸ்டாண்டு பெஞ்சில், கை நடுங்க,
மேலே பார்த்தா கீழே பார்த்தா
ஞாபகமில்லை.

போன ஞாயிறு ஐயர் மௌன ஜெபம் என்றார்.
அந்நேரம் நான் மெல்ல வாசிக்கவேண்டும்,
வழக்கம் அது,
யாரும் நிஜமாக மௌனமாகிவிடாமலிருக்க.
கட்டைகளிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.

யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை
செருப்பைத் தரையில் தேய்த்தது.
கரண்ட் போய்விட்டதோ என்று
முன்வரிசையிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள்,
கட்டுப்போட்ட பக்கத்தைக் கையால் தாங்கியபடி,
முதலில் என்னை,
பிறகு அண்ணாந்து ஃபேனை.
அது சுற்றிக்கொண்டிருந்தது.